பிரேக் குழாய்கள் மாற்றும் நாட்குறிப்பு: ஸ்காபரோ, மே 2024

மே 4, சனி

காரின் பின்பக்கத்தை உயர்த்தி இரும்புத் தாங்கிகளில் இருத்திவிட்டு, அடித்தளத்தைக் கம்பித் தூரிகையால் துலக்கிப் பார்த்தேன். 2007ஆம் ஆண்டு ஜப்பானியக் கார். பின் சக்கரங்களுக்குச் செல்லும் இரண்டு பிரேக் குழாய்களும், பிளாஸ்ரிக் கிளிப்புகள் பிடித்திருக்கும் இடங்களில் செதில் செதிலாக உரிகின்றன. கிளிப்புகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுவதும் வீதிகளில் இடப்படும் உப்பு, சேற்றோடு சேர்ந்து கிளிப்பின் இடுக்கில் தங்கி, பனி கரைந்த பின்னும் ஈரம் காயாமல் இருந்து உருக்கை அரித்துவிடுகிறது. இடது பின் சக்கரத்துக்கான குழாயில் ஓரிடத்தைத் துடைத்துவிட்டு மகளை மிதியை அழுத்தச் சொன்னேன். துடைத்த இடம் மீண்டும் நனைந்தது. வேலை முடியும்வரை இந்தக் கார் வீதிக்குப் போகாது.

இந்த மாகாணத்தில் சொந்தப் பாவனைக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பழைய காரொன்று கைமாறிப் புதிய உரிமையாளர் அதை வீதியில் ஓட்டுவதற்குப் பதியும்போதுதான் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. ஆகவே குனிந்து பார்க்க வேண்டியவர் கார்க்காரரே. அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல், உப்பிடும் மாநிலங்களில் உள்ளவர்கள் பழைய வாகனங்களின் பிரேக் குழாய்களைச் சோதிக்க வேண்டும், அடித்தளத்தைக் கழுவ வேண்டும் என்று அறிவுறுத்தியது. எல்லை கடந்து இங்கும் அது முழுமையாகப் பொருந்தும்.

மே 5, ஞாயிறு

கசியும் துண்டை மட்டும் வெட்டி எடுத்து இடையில் ஓர் இணைப்பு வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இரு முனைகளையும் முறையாக ஃபிளேர் செய்து, அதாவது குழாயின் வாயை விரித்து மடித்து, இணைத்தால் அது தாங்கும். ஆனால் எல்லாக் கிளிப்புகளின் கீழும் துரு இருக்கும்போது, இன்று ஓரிடத்தை மூடினால் நாளை அடுத்த கிளிப்பின் கீழ் வெடிக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது போன்ற, பித்தளை வளையத்தை நெரித்துப் பிடிக்கும் இணைப்பைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடக் கூடாது. கடுமையாக மிதிக்கும்போது குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏறும். அந்த வளையம் வழுக்கிக் கழன்றுவிடும். இரண்டு குழாய்களையும் முழு நீளத்துக்கும் மாற்றுகிறேன்.

உலோகமாகச் செப்பு-நிக்கல் கலவையைத் தெரிந்தெடுத்தேன். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிக்கலும் சிறிதளவு இரும்பும் சேர்ந்த இது, உப்புக்குத் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஃபிளேர் செய்யும்போது பிளவுபடாது. வோல்வோ 1976 முதல் இதையே தன் கார்களில் பொருத்தியது. வெறும் செப்புக் குழாய் இதைப் போலவே தோன்றினாலும், ஓயாத அதிர்வில் இறுகி வெடித்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை.

மே 11, சனி

இன்றைய வேலை பழைய குழாயைப் படிப்பது. ஒரு குழாய் எங்கே வளைகிறது என்பதைவிட, ஏன் அங்கே வளைகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் புதியதைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். இயந்திர அறையில், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டரை விட்டு இறங்கும்போது குழாய் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. நேராக இழுத்தால் நீளம் மிச்சமாகும், ஆனால் அதிர்வை வாங்கிக்கொள்ள அந்தச் சுற்றுத்தான் இடம் கொடுக்கிறது. புகைக்குழாய் செல்லும் பக்கத்தைத் தவிர்த்து, எரிபொருள் குழாய்களோடு சேர்ந்து ஒரே கிளிப்புகளில் பின்னோக்கி ஓடி, எரிபொருள் தாங்கியின் ஓரத்தில் ஒரு படி மேலேறி, பின் அச்சுச் சட்டத்துக்கு முன்பாக இறப்பர் ஹோஸில் முடிகிறது. சக்கரங்கள் ஏறி இறங்கும்போது அசைவதை அந்த ஹோஸ் ஏற்றுக்கொள்வதால், உலோகக் குழாய் எங்குமே அசையக் கூடாது. எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்தேன்; வளைவுகளின் மீது நூலைப் படியவைத்து நீளம் அளந்து, முனைகளுக்காகச் சிறிது கூட்டி எழுதிக்கொண்டேன்.

பிறகு கழற்றல். மிதியை ஓர் அங்குலமளவு அழுத்தி, ஆசனத்துக்கும் மிதிக்கும் இடையே ஒரு தடியை நிறுத்தினேன். மாஸ்ரர் சிலிண்டருக்குள் பிஸ்ரன் நகர்ந்து மேல் தொட்டியிலிருந்து வரும் துளையை மூடிவிடுவதால், குழாயைக் கழற்றினாலும் பிரேக் ஒயில் முழுவதும் வடிந்து போகாது. மிதி அழுந்தியிருக்கும்வரை பின் விளக்கு எரியும். ஆகவே முதலில் பற்றரியைப் பிரித்துவிட வேண்டும். ஹோஸ் பக்கத்து நட்டு, ஊடுருவும் ஒயில் விட்டும் அசையாதபோது, குழாயை நட்டின் அருகிலேயே வெட்டிவிட்டு, 10 மில்லிமீற்றர் அறுமுனைச் சொக்கற்றை நேராக இறக்கித் திருப்பினேன். ஹோஸின் அருகே தீச்சுவாலை காட்டுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

மே 12, ஞாயிறு

புதிய குழாய் 3/16 அங்குலம், அதாவது 4.75 மில்லிமீற்றர் வெளிவிட்டம். 25 அடிச் சுருளாக வருகிறது. சுருளைத் தரையில் உருட்டியபடி விரித்து, மரப்பலகையால் அழுத்தி உருட்டினால் நேராகிவிடும். நடுவில் பிடித்து இழுத்து விரித்தால் முறுகிவிடும்.

பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து, முன் முனையிலிருந்து ஒவ்வொரு வளைவும் தொடங்கும் இடத்தைப் பேனாவால் குறித்தேன். நீளக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 15 மில்லிமீற்றர் ஆரத்தில் ஒரு செங்கோண வளைவின் வில் ஏறத்தாழ 23.6 மில்லிமீற்றர், அதையே கூர்மூலையாக அளந்தால் 30 வரும். இப்படி ஒவ்வொரு செங்கோணத்திலும் ஆறு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் மிஞ்சுவதால், பல வளைவுகள் சேரும்போது கடைசி முனை, நட்டு ஏறும் வாயைத் தாண்டி நிற்கும். நூலால் அளந்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கூர்மையான வளைவுகளைச் சிறிய வளைப்பான் கருவியிலும், அகன்ற வளைவுகளைச் சொக்கற்றின் மீது பெருவிரலால் அழுத்தியும் செய்தேன். வளைவின் உட்புறம் தட்டையானால் அந்தத் துண்டு குப்பைக்கு உரியது. நிமிர்த்திப் பாவிப்பது சரியல்ல.

முனைக்கு மிக அருகில் வளைவு இருந்தால், ஃபிளேர் கருவி பிடிப்பதற்கு நேரான நீளம் கிடைக்காது. நட்டும் வளைவைத் தாண்டி வராது. ஆகவே அந்த முனையில் முதலில் நட்டைக் கோத்து, ஃபிளேர் செய்து, அதன் பின்னரே வளைக்க வேண்டும். மறுமுனையை, குழாயைக் காரின் கீழ் பிடித்துச் சரிபார்த்த பிறகு வெட்டினேன்.

மே 18, சனி

ஃபிளேர். இந்தக் காருக்கு உரியது 45 பாகை இரட்டை மடிப்பு ஃபிளேர், நட்டு எம் 10 (புரியின் விட்டம் 10 மில்லிமீற்றர்), புரி இடைவெளி 1.0 மில்லிமீற்றர். பல ஐரோப்பியக் கார்களில் வரும் குமிழ் வடிவ ஃபிளேர் வேறு. ஒன்று அமரும் இடத்தில் மற்றது கசிவின்றி அடைக்காது. குழாய்வெட்டியால் வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கி, வெளிவிளிம்பைச் சற்றுச் சரித்து, ஃபிளேர் கருவியின் அச்சில் ஒரு துளி பிரேக் ஒயில் விட்டு அழுத்தினேன். மடிப்பு வட்டத்தின் நடுவில் அமைந்து, விளிம்பில் கீறல் இல்லாமல் இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும்.

கிளிப்புகள் எல்லாம் புதியவை. நட்டுகளை முதலில் விரலால் முழுவதும் சுற்றி ஏற்றினேன். விரலுக்கு இடறினால் புரி குறுக்கே ஏறுகிறது என்று பொருள். கடைசி இறுக்கம், வெட்டிய வளையம் போன்ற ஃபிளேர் நட்டு ஸ்பனரால், கைநூலில் உள்ளபடி 15 நியூற்றன் மீற்றர்.

மே 20, திங்கள் (விக்ரோறியா தினம்)

புதிதாகத் திறந்த டொட் 3 வகைப் பிரேக் ஒயில் விட்டு, கைநூல் சொல்லும் வரிசையில் காற்றை வெளியேற்றினோம். ஒயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உலர்ந்த நிலையில் குறைந்தது 205 பாகை சென்ரிகிரேட்டில் கொதிக்கும் அது, ஈரமேறினால் 140 பாகையிலேயே கொதிக்கலாம் என்பதால், சென்ற ஆண்டு திறந்த போத்தலைப் பாவிக்கவில்லை. பெயின்றில் சிந்திய துளிகளை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

எல்லா இணைப்புகளையும் உலரத் துடைத்தபின், இயந்திரத்தை இயக்கி, மகள் மிதியை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள். "அப்பா, கால் இறங்கவில்லை" என்றாள். ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைத் தாளைச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. வீட்டு முற்றத்து வழியிலேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, பின்னர் ஆளில்லாத வாகனத் தரிப்பிடத்தில் கடுமையாக நிறுத்திச் சோதித்தேன். அடுத்த வார இறுதியில் காரை மீண்டும் உயர்த்தி, அதே தாளால் அதே நட்டுகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். முன் சக்கரக் குழாய்களில் துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது. உப்பு விழுவதற்கு முன், ஒக்ரோபரில் அவற்றையும் மாற்றுவேன்.