வீடு என் பெயரில், கடன் அவர் பெயரில்: தவணையைக் குறைக்க வைத்த கதை

விவாகரத்துத் தீர்ப்பில் வீடு நமக்கு என்று எழுதிவிட்டால் மார்ட்கேஜும், அதாவது வீட்டுக் கடனும், கூடவே வந்துவிடும் என்று இங்கே அமெரிக்காவில் நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். வராது. அந்தத் தீர்ப்பு இரண்டு பேருக்கு நடுவில் மட்டும்தான். கடன் கொடுத்தவர் அந்த வழக்கிலேயே இல்லை. ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் குவிட்கிளெய்ம் பத்திரம் எழுதி வாங்கினாலும் வீடுதான் கை மாறும், கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறதோ அது அப்படியேதான் இருக்கும்.

நாங்கள் வீடு வாங்கியபோது நான் வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தேன், வேலை பார்க்க அனுமதி இல்லை. அதனால் அப்போது கணவராக இருந்தவருடைய சம்பளத்தை மட்டும் காட்டி, கடன் அவர் பெயரில் மட்டும் எடுத்தோம். வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தது. தீர்ப்புப்படி அவர் தன் பங்கை எனக்கு எழுதிக் கொடுத்தார், கவுண்டி அலுவலகத்தில் பதிவும் ஆயிற்று. இனிமேல் தவணை என் பொறுப்பு. அதற்குள் நானும் வேலையில் இருந்தேன்தான், ஆனால் ஒற்றைச் சம்பளம். அந்த வருடம் பார்த்து சொத்து வரி ஏறி, வரிக்கும் காப்பீட்டுக்கும் தவணையோடு சேர்த்து வாங்கும் எஸ்க்ரோவும் கூடிப்போனது. பாக்கி விழ ஆரம்பித்தது.

தவணையை வசூலித்துக் கடனை நிர்வகிக்கும் சர்வீசருக்குப் போன் செய்தால் ஒரே பதில்தான். “நீங்கள் இந்த லோனில் இல்லை மேடம், எங்களால் எதுவும் பேச முடியாது.” தவணையை மட்டும் நான் கட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்! தவணையைக் குறைக்க என்ன வழி என்று கேட்டால் லோன் எடுத்தவரைப் பேசச் சொல்லுங்கள் என்பார்கள். விவாகரத்தான மனிதரிடம் போய், எனக்காக அரை மணி நேரம் ஹோல்டில் காத்திருங்கள் என்று எப்படிக் கேட்பது?

இன்னொரு பயமும் உண்டு. வீடு கை மாறியது தெரிந்தால் மொத்தக் கடனையும் உடனே கட்டச் சொல்வார்களோ என்று பலர் வாயே திறப்பதில்லை. கடன் ஒப்பந்தங்களில் பொதுவாக அப்படி ஒரு நிபந்தனை இருப்பதும் உண்மை. ஆனால் 1982-இல் வந்த கார்ன்-செயின்ட் ஜெர்மேன் சட்டம், விவாகரத்துத் தீர்ப்பினால் வீடு வாழ்க்கைத் துணையின் கைக்குப் போனால் அந்த நிபந்தனையைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2018 ஏப்ரலில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியின் விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இப்படி வீட்டைப் பெற்றவர் ‘சக்சஸர் இன் இன்ட்ரஸ்ட்’, அதாவது வீட்டின் உரிமை வந்து சேர்ந்தவர். அதை சர்வீசர் உறுதி செய்துவிட்டால், சர்வீசிங் விதிகளைப் பொறுத்தவரை அவரையும் கடன் வாங்கியவரைப் போலவே நடத்த வேண்டும். அதனால் மட்டும் கடனுக்கு அவர் தனிப்பட்ட பொறுப்பாளி ஆகிவிடவும் மாட்டார்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு வீட்டுவசதி ஆலோசகர். மத்திய வீட்டுவசதித் துறையான ஹெச்யூடி அங்கீகரித்த ஆலோசகர்கள், வீடு பறிபோகாமல் காக்கும் விஷயத்தில் காசு வாங்குவதில்லை. கடனைக் குறைத்துத் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள் என்று தபாலில் விளம்பரம் அனுப்பும் கம்பெனிகளை நேராகக் குப்பையில் போடலாம்.

ஆலோசகர் சொன்னபடி போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதினேன். தவணை அனுப்பும் முகவரி வேறு, இந்த மாதிரிக் கடிதங்களுக்கான முகவரி வேறு. ஸ்டேட்மென்ட்டில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். கடிதத்தில் நாலு வரிதான். இந்த லோன் எண், இந்தத் தீர்ப்பினால் வீடு எனக்கு வந்தது, என்னை சக்சஸராக உறுதி செய்ய என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். கிடைத்ததாக 5 வேலை நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், பதிலுக்கு 30 வேலை நாட்கள். தீர்ப்பின் நகல், பதிவான பத்திரம், அடையாள அட்டை கேட்டார்கள். அனுப்பினேன். உறுதி செய்த கடிதம் வந்த பிறகு அதே போன் நம்பரில் பேச்சே வேறு.

அப்புறம்தான் தவணையைக் குறைக்கக் கேட்கும் உண்மையான விண்ணப்பம். அதற்கான படிவம் 710-இல் கஷ்டத்துக்கான காரணங்களில் விவாகரத்துக்கு என்றே ஒரு கட்டம் இருக்கிறது. கூடவே பே ஸ்டப் என்ற சம்பளச் சீட்டு, வரி விவரங்களுக்கான 4506-சி படிவம், பேங்க் ஸ்டேட்மென்ட். சைல்டு சப்போர்ட்டை வருமானமாகக் காட்டுவது நம் இஷ்டம். காட்டினால் பணம் உண்மையில் வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். ஒருமுறை எல்லாம் திரும்பி வந்தது. பேங்க் ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கம் இல்லையாம். அந்தப் பக்கத்தில் இருப்பது ‘இந்தப் பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது’ என்ற ஒரே வரி. சரி என்று அந்தக் காலிப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்புவதற்குள் பே ஸ்டப் பழசாகிவிட்டது என்றார்கள். அதையும் புதிதாக அனுப்பினேன்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். பொதுவாக 120 நாட்களுக்கு மேல் பாக்கி விழாமல், வீட்டை எடுத்து ஏலம் விடும் ஃபோர்குளோஷரைத் தொடங்க முடியாது. ஏல நாளுக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், 30 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். ‘முழுமையாக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் காலிப் பக்கத்துக்கு அவ்வளவு மதிப்பு.

என் கடன், வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் நிறுவனமான ஃபேனி மே கையில் இருந்ததால் கிடைத்தது ஃப்ளெக்ஸ் மாடிஃபிகேஷன் என்ற கடன் திருத்தம். அசலும் வட்டியும் சேர்ந்த தவணையை 20 சதவீதம் குறைப்பதுதான் அதன் இலக்கு. பாக்கியை அசலோடு சேர்த்து, காலத்தை 480 மாதங்கள் வரை நீட்டலாம். சும்மா கிடைப்பதில்லை இது, மொத்த வட்டி நிச்சயம் கூடும். எஸ்க்ரோ இந்தக் குறைப்பில் வராது. ஆனாலும் பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல் இருக்க எனக்கு இது சரி என்று பட்டது. மூன்று மாதச் சோதனைத் தவணைகளைத் தேதி தவறாமல் கட்டிய பிறகு, நோட்டரி முன் கையெழுத்து. தீர்ப்பும் பதிவான பத்திரமும் கோப்பில் இருந்ததால் அவருடைய கையெழுத்தைக் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டதும் கடன் பொறுப்பு என் தலையில் ஏறியது, ஆனால் அவர் தலையிலிருந்து இறங்கவில்லை. அவரை விடுவிக்கத் தனியாகக் கேட்க வேண்டும், என் வருமானத்தையும் கிரெடிட்டையும் மறுபடி பார்ப்பார்கள். அவர் இப்போது வேறு வீடு பார்க்கிறாராம், இந்தக் கடன் அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் குறுக்கே நிற்கிறது. சமீபத்தில் வந்த மின்னஞ்சலில் அவ்வளவு மரியாதை! விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இந்த முறை காலிப் பக்கங்களோடு சேர்த்தே.