புடிச்சு வித்து: நான் மொழியியல் படிக்கத் தொடங்கிய கதை

பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், படித்தது பி.காம். மொழியியல் என்று ஒரு படிப்பு இருப்பதே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

ஆரம்பமே சொதப்பல். எல்லோரும் சொல்கிறார்களே என்று மொழியியல் அறிஞர் சசூரை எடுத்தேன். அவர் 1913-இல் இறந்த பிறகு, மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து தொகுத்து 1916-இல் வந்த புத்தகம். நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அடுத்து கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1856. கன்னடம், தெலுங்கு உதாரணங்களையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனதில் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கை கொடுத்தது தொல்காப்பியத்தின் பிறப்பியல்தான். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லும் சின்னப் பகுதி. தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் உரையோடு இலவசமாகவே கிடைக்கிறது. படித்துக்கொண்டே தொண்டையில் கை வைத்து 'பாம்பன்' என்று சொல்லிப் பாருங்கள். உதடு மூடியிருக்கும் அந்த நொடியை மட்டும் கவனிக்கணும்: முதல் ப-வில் அதிர்வு இல்லை, ம்-க்கு அடுத்த ப-வில் இருக்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. பிறந்ததிலிருந்து சொல்லிவரும் ஊர்ப்பெயர், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது!

அப்புறம் புத்தகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நோட்டில் வீட்டுப் பேச்சை எழுத ஆரம்பித்தேன். அடித்து 'அடிச்சு' ஆகிறது, வைத்து 'வச்சு', காய்ந்து 'காஞ்சு'. ஆனால் எடுத்து, நடந்து எல்லாம் அப்படியே நிற்கின்றன. முன்னால் இ, ஐ, ய் வந்தால் த் ச் ஆகிறது, ந்த் ஞ்ச் ஆகிறது என்று விதி கண்டுபிடித்துவிட்ட பெருமையில் ரெண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் சித்தி வீட்டுக்கு வந்தார். 'சித்தி' ஏன் 'சிச்சி' ஆகவில்லை? பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிய பகுபத உறுப்பிலக்கணம் அங்கேதான் உதவியது. பிடி+த்+த்+உ: வினையின் பகுதி முடிந்து காலம் காட்டும் இடைநிலை தொடங்குகிற இடத்தில்தான் இந்த மாற்றம் நடக்கிறது, சித்தியில் அப்படி ஒரு இடமே இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தால் பெரியம்மா, மீன் கூடையை இறக்கிக்கொண்டே, "புடிச்சு வித்து என்னடா மிச்சம், டீசலுக்கே சரியாப் போச்சு" என்றார். அவர் கவலை அவருக்கு, எனக்கோ 'வித்து'. இ இருக்கிறது, இறந்தகாலமும் இருக்கிறது, 'விச்சு' என்று ஏன் சொல்வதில்லை? நாலு நாள் மண்டையைக் குடைந்தது. அது விற்று. காற்று காத்து ஆனதுபோல அதுவும் த்த ஆகியிருக்கிறது. பிடித்து 'பிடிச்சு' ஆன காலத்தில் விற்று இன்னும் ற்ற-வோடுதான் இருந்திருக்கும், அதனால் தப்பித்தது. ற்ற த்த ஆனது அதற்கப்புறம். எது முந்தி, எது பிந்தி என்பது பெரியம்மா சொன்ன ரெண்டு வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. இதற்குப் பிறகு கால்டுவெல்லை எடுத்தபோது உதாரணங்களைத் தாண்டவில்லை.

ஆனால் ஐந்து எப்படி 'அஞ்சு' ஆனது? அது வினையே இல்லையே. நோட்டில் அதன் பக்கத்தில் போட்ட கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது.