சின்னம்மாவைப் பாக்கப் போனது

2024 பெப்ரவரி 2, வெள்ளி

விடிய முந்தியே எங்கட ஒழுங்கையில நாய் குலைக்கத் தொடங்கிட்டு. டிசம்பரில நாடு முழுக்கத் தொடங்கின போதைப்பொருள் தேடுதல் இன்னும் ஓயேல்ல. ஐஸ் போதை விக்கிறவன் ஆரெண்டு ஒழுங்கைக்கே தெரியும். அவன் நல்ல நித்திரை. பிடிபட்டது மீன் வாடியில பெட்டி தூக்குற ரெண்டு பெடியள். அதில ஒருத்தன் போன கிழமை அம்மாவுக்குச் சூடை மீன் சும்மா தந்தவன்.

நான் விரும்புறவனுக்கு மட்டக்களப்பில ஒரு கராஜில வேலை சரிவந்திட்டு. திருகோணமலையில கேட்ட இடமெல்லாம் அடையாள அட்டையில விலாசத்தைப் பாத்தாங்கள், பிறகு "சொல்லி அனுப்புறம்" எண்டாங்கள். இஞ்சின் பிரிச்சுப் பூட்டத் தெரிஞ்ச பெடியன். நாளைக்கு அண்ணாட ஆட்டோவில போறான். வாகரைச் சின்னம்மாவைப் பாக்க நானும் வாறன் எண்டு வீட்டில சொல்லிட்டன். சின்னம்மாவில எனக்குத் திடீர்ப் பாசம்.

பெப்ரவரி 3, சனி

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். கண் மூடித் திறக்க முடிஞ்சுபோகுது. 2009இல அதைத் திறக்க முந்தி ஆக்களும் வாகனமும் பாதையில, அதுதான் மிதவைப் படகில, ஏறித்தான் களப்பைக் கடக்க வேணும், மணிக்கணக்கில காத்து நிக்க வேணும் எண்டு அண்ணா சொன்னான். காதலிக்கிறவங்களுக்கு அந்தக் காலம்தான் தோது.

மூதூர் தாண்ட, ரோட்டுப் பாதியில பெரும்போக நெல் காயுது. நெல்லில ஏறாம அண்ணா வளைச்சு வளைச்சு ஓட, நடுவில கிடந்த பை ஒருக்கா என்ட மடிக்கு, ஒருக்கா அவன்ட மடிக்கு.

நாளைக்குச் சுதந்திர தினம், அதால ரோட்டில மறிச்சுச் சோதனை. அட்டையை வாங்கினவர் விலாசத்தைப் பாத்தார், அவன்ட முகத்தைப் பாத்தார், பையைக் கொட்டச் சொன்னார். ரெண்டு சேட்டு, ஸ்பனர் செட், தாய் கட்டிக் குடுத்த கருவாட்டுப் பொதி. கருவாட்டை அவிழ்த்ததோட தேடல் முடிஞ்சிது. எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ குந்தி அடுக்கினவன்ட காது சிவந்து கிடந்ததைக் கண்டிட்டு அடக்கிட்டன். அதுக்குப் பிறகு வெருகல் மட்டும் ஒருத்தரும் கதைக்கேல்ல. முருகன் கோயில் வாசலில திருநீறு பூசினாப் பிறகுதான் "பசிக்குது" எண்டான்.

வாகரையில என்னை இறக்காம அண்ணா பனிச்சங்கேணிப் பாலம் வரைக்கும் ஓடினான். "நான் பிளேன்ரீ குடிச்சிட்டு வாறன். பத்து நிமிசம்." திரும்பிப் பாக்காமப் போறான். இவனுக்கு எப்ப தெரியும்?

களப்புக் காத்து, ஆக்களில்லாத ரோட்டு. என்னவெல்லாம் கதைச்சிருக்கலாம்! நாங்கள் வாடகையைக் கணக்குப் பாத்தம். ஒரு அறை, கிணறு பொது, ரெண்டு மாத அட்வான்ஸ். "வருசம் முடிய முந்திக் கூப்பிடுவன்" எண்டான். "கூப்பிடாட்டி நானே பஸ் ஏறுவன்" எண்டன். அண்ணா வந்து, வாழைச்சேனைப் பக்கம் போற பஸ்ஸை மறிச்சு ஏத்தி விட்டான். ஏறேக்க என்ட தண்ணிப் போத்தலையும் கொண்டு போயிட்டான், கள்ளன்.

பெப்ரவரி 7, புதன்

வாடிப் பெடியன் ஒருத்தன் வந்திட்டான். மற்றவன்ட தாய் வக்கீலுக்குக் காசு தேடித் திரியிறா.

இரவு மட்டக்களப்பில இருந்து என்ட ஆள் கோல் எடுத்தான். கராஜ் முதலாளி அட்டையை வாங்கிப் பேரை மட்டும் கொப்பியில எழுதினவராம். ஒரு லொறி கியர்பொக்ஸைக் காட்டி, "கழட்டு" எண்டாராம், அவ்வளவுதான்.

அம்மாட்ட எல்லாத்தையும் சொன்னன். பேசுவா எண்டு குனிஞ்சு கொண்டு நிண்டன். அரிசி களைஞ்சு கொண்டே, "சம்பளம் எவ்வளவாம்?" எண்டா. சொன்னன்.

"சாப்பாடும் குடுக்கிறாங்களா, இல்லாட்டி அதுக்கும் இவன்தான் கட்டோணுமா?"

கேட்டுச் சொல்லுறன் எண்டிருக்கிறன்.