மலத்தில் ரத்தம்: எனக்குப் பெருங்குடல் அழற்சி என்று தெரிந்ததும் அதன் பிறகும்

மலத்தில் ரத்தம் என்றால் திண்டுக்கல் பக்கம் யாரைக் கேட்டாலும் மூலம் என்பார்கள், இல்லாவிட்டால் உடம்புச் சூடு என்பார்கள். எனக்கு வந்திருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று தெரிய மாசக்கணக்கில் ஆனதற்கு இந்த இரண்டு பதில்களும் ஒரு காரணம். பெருங்குடலின் உட்புறச் சவ்வு அழன்று புண்ணாகிற நோய் இது. நான் பள்ளி ஆசிரியை. நோயோடு சில வருஷங்கள் ஓடிவிட்டன. வெட்கத்தை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நோயில் நாளைக் கடத்துவதே வெட்கம்தான்.

முதலில் போன கிளினிக்கில் பரிசோதித்துப் பார்க்காமலே மூலத்துக்கு மாத்திரையும் தடவ ஆயின்மெண்டும் தந்தார்கள். வீட்டில் அத்தை தினமும் துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தார். ரத்தம் நிற்கவில்லை. அப்புறம் அமீபாவாக இருக்கலாம் என்று அதே கிளினிக்கில் மெட்ரோனிடசோல் எழுதினார்கள். கொஞ்ச நாள் தேவலை போல இருந்தது, மறுபடியும் ஆரம்பித்தது. வகுப்பில் நிற்கும்போது வயிற்றைப் பிடித்து இழுக்கும், அடுத்த நிமிடம் ஓட வேண்டும். போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சளியும் ரத்தமும்தான் வரும். எழுந்து வந்த பிறகும் உள்ளே பாக்கி இருப்பது போலவே இருக்கும். பஸ்ஸில் போவதை நினைத்தாலே பயம். காலையில் எதுவும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகத் தொடங்கினேன்.

படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் வழி திறந்தது. ஹீமோகுளோபின் நன்றாகக் குறைந்திருந்தது. அங்கிருந்த இளம் பெண் டாக்டர் ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"ராத்திரி தூக்கத்துல இருந்து எழுந்து போறீங்களா டீச்சர்?"

"தினமும் போறேன் டாக்டர்."

"ரத்தம் கடைசியில தனியா சொட்டுதா, இல்ல சளியோட கலந்து வருதா?"

இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மூலத்தில் பொதுவாக ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகத் தனியாகச் சொட்டும், மலம் ஒழுங்காகவே இருக்கும். பெருங்குடல் அழன்றிருந்தால் ரத்தம் சளியோடு கலந்து வரும், அவசரம் இருக்கும், தூக்கத்திலும் எழுப்பும். வாரக்கணக்கில் இப்படி இருந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்று மதுரையில் ஒரு குடல்நோய் நிபுணரிடம் அனுப்பினார். மதுரை, சென்னை போன்ற ஊர்களின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் அங்கே போகலாம்.

நிபுணர் முதலில் மலப் பரிசோதனை எழுதினார். கிருமியாலும் அமீபாவாலும் இதே மாதிரி வரும், அதைத் தெரிந்துகொள்ளாமல் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் ஆபத்து என்றார். பிறகு கொலனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. அதில் கஷ்டம் எல்லாம் முந்தின நாள்தான். குடலைக் கழுவப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். உப்பும் செயற்கைப் பழவாசனையுமாக இருக்கும். குளிர வைத்துக் குடித்தால் இறங்குகிறது. மறுநாள் மயக்க ஊசி போட்டுவிட்டதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எடுத்த படங்களை டாக்டர் என்னிடமே காட்டினார். மலக்குடலில் தொடங்கி இடது பக்கம் மேலே வரை இடைவெளி விடாமல் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிகிற நிலை. அதற்கு மேல் குடல் வழவழப்பாக, ரத்த நாளங்கள் தெளிவாகத் தெரிய, நன்றாக இருந்தது. கீழிருந்து தொடங்கித் தொடர்ச்சியாகப் பரவுவது இந்த நோயின் குணம். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு குடல் அழற்சியான குரோன்ஸ் நோய் குடலில் இடையிடையே விட்டு விட்டு வரும், சிறுகுடலையும் தாக்கும். நம் நாட்டில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது என்று பயாப்ஸி, அதாவது சோதிக்க ஒரு துணுக்குச் சதை, எடுத்தார்கள். அது வந்த பிறகுதான் பெயரை உறுதியாகச் சொன்னார்.

மருந்து மெசலமைன், குடலின் அழற்சியை அடக்குவது. மாத்திரை எல்லோருக்கும் புரியும். அதோடு ராத்திரி ஆசனவாய் வழியாக ஏற்றும் மெசலமைன் எனிமாவும் எழுதியிருந்தார். மெடிக்கல் ஷாப்பில் அதைக் கேட்க என் வீட்டுக்காரர் தயங்கினார், பலபேர் வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போடாமலே விட்டுவிடுவார்கள் என்று கடைக்காரர் சொன்னாராம். நோய் இடது பக்கத்தோடு நிற்கிறவர்களுக்கு மாத்திரையை மட்டும் விழுங்குவதைவிட இரண்டையும் சேர்ப்பது நன்றாக வேலை செய்கிறது. மருந்து நேராகப் புண் இருக்கும் இடத்துக்கே போகிறது.

அதனால் எப்படிப் போடுவது என்று எழுதிவிடுகிறேன். படுக்கப் போகும் முன் ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு, பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து நன்றாகக் குலுக்குங்கள். இடது பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை மடக்கிப் படுத்து, முனையில் வாஸ்லின் தடவி மெதுவாகச் செலுத்தி நிதானமாக அழுத்த வேண்டும். சிறிது நேரம் அப்படியே படுத்திருங்கள். துணியில் பட்டால் கறை போகாது, பழைய பெட்ஷீட் விரித்துக்கொள்வது நல்லது. ஆரம்பத்தில் குடல் எரிச்சலாக இருப்பதால் உள்ளே நிற்காது, ஓட வேண்டிவரும். அதற்காக விட்டுவிடாதீர்கள். எனக்கு மெல்ல மெல்ல நேரம் கூடி, பிறகு விடியும்வரை நின்றது. முதலில் ராத்திரி எழுவது நின்றது, அப்புறம் ரத்தம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு போனது எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறைந்த ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஊரே அறிவுரை சொன்னது. எந்த உணவாலும் இந்த நோய் வந்துவிடவில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ரத்தம் போகும் நாட்களில் காரம், பச்சைக் காய்கறி, எனக்கு ஒத்துக்கொள்ளாத பால் ஆகியவற்றைக் குறைத்து, குழைந்த சோறு, இட்லி, தயிர், முட்டை என்று சாப்பிட்டேன். நன்றாக இருக்கும்போது வீட்டுச் சாப்பாடுதான். பத்தியம் என்று உடம்பை இளைக்க விடுவது கெடுதல்.

நடுவில் ஒருமுறை சிக்குன்குனியா வந்து, மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள். அதன் பிறகு நோய் கிளம்பியது. அந்த வகை வலி மருந்து சிலருக்குக் கொலைட்டிஸைக் கிளப்பிவிடும், வலிக்குப் பாராசிட்டமாலில் தொடங்குங்கள் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதித் தந்தார். அந்த முறை மெசலமைன் போதவில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 40 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 5 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். ரத்தம் சீக்கிரமே நின்றது. ஆனால் முகம் வீங்கியது, தூக்கம் போனது, பசி அடங்கவே இல்லை. எலும்புக்குக் கால்சியமும் விட்டமின் டியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் நீட்டவும் கூடாது. அதை விடுவதற்காகவே உடம்பின் எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தும் அசாதியோபிரின் மாத்திரையை ஆரம்பித்தார்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், ரத்த வெள்ளையணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். எனக்கு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன, அதற்கு முன் மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எப்போது வீட்டில் காத்திருக்கக் கூடாது என்பதையும் டாக்டர் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால் உடனே அட்மிட் ஆக வேண்டும். 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல், இன்றும் அதையே பார்க்கிறார்கள். அந்தக் காகிதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, அத்தைக்கும் படித்துக் காட்டியிருக்கிறேன்.

இப்போது தொந்தரவு இல்லை. சொந்தக்காரர்கள் "நல்லாத்தான இருக்கே, எதுக்கு இன்னும் மாத்திரை?" என்று கேட்கிறார்கள். நோய் அடங்கியிருப்பதே அந்த மாத்திரையால்தான் என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்கிறேன். உள்ளே அழற்சி இருக்கிறதா என்று அறிய மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, அழற்சி இருந்தால் கூடும் புரதத்தின் அளவைப் பார்க்கிறோம், ஒவ்வொரு தடவையும் குழாய் விட வேண்டியதில்லை. நோய் தொடங்கி எட்டு வருஷம் வாக்கில் புற்றுநோய்க்கான கண்காணிப்புக் கொலனோஸ்கோபி உண்டு, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த முறை மதுரை போகும்போது டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும்: எனிமாவை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று.