நிதி திரட்டும் விருந்தும் சேவை மைய நகலெடுப்பு இயந்திரமும்

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ் மண்டபமோ பட்டர்வொர்த் மண்டபமோ, தேர்தல் நெருங்கினால் கட்சிகளின் நிதி திரட்டும் விருந்துக்கு மேசை மேசையாக இடம் விற்பது சூடுபிடிக்கும். அதில் தப்பில்லை, கணக்கில்தான் சிக்கல்.

1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி வேட்பாளரின் செலவு உச்சவரம்பு நாடாளுமன்றத் தொகுதிக்கு 2,00,000 ரிங்கிட், சட்டமன்றத் தொகுதிக்கு 1,00,000 ரிங்கிட். தேர்தல் முடிவு அரசிதழில் வெளியானதிலிருந்து 31 நாளுக்குள் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். செலவு மட்டுமல்ல, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதும் அதில் வரவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பதாகை அச்சடித்த நண்பர் "காசு வேணாம் அண்ணே" என்பார். பில் இல்லை, ரசீது இல்லை, கடைசி வாரத்தில் வேட்பாளரின் தேர்தல் முகவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். கைக்கு வரும் ஒவ்வொரு தொகைக்கும் அன்றே ரசீது எழுதுங்கள். பிரச்சாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கணக்கில் காசு விழுந்தால் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

பொதுவளம் இன்னும் வழுக்கலான இடம். மக்கள் பிரதிநிதியின் தொகுதி அலுவலகமான சேவை மையத்தை நடத்துவது மக்கள் பணம் என்றால், அங்குள்ள நகலெடுப்பு இயந்திரத்தில் பிரச்சாரத் துண்டறிக்கை எடுக்கக் கூடாது. மானியம் கேட்டு வந்தவர்களின் தொலைபேசி எண்களை வாட்ஸ்அப் பிரச்சாரக் குழுவில் சேர்ப்பதும் அதே ரகம். சம்பளம் வாங்கும் உதவியாளர் பிரச்சாரத்துக்குப் போனால் விடுப்புக் கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

நன்கொடையாளரின் குத்தகை விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதமா? 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் மக்கள் பிரதிநிதியும் பொது அமைப்பின் அதிகாரிதான். பதவியைக் கையூட்டுக்குப் பயன்படுத்தினால் 20 ஆண்டு வரை சிறை. "கட்சிக்குத்தானே கொடுத்தார்" என்ற சமாதானத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.