எரர் ஷீட்டில் ஒரு பெயர்

"என் பேரை ஏன் சார் எடுத்தீங்க?" என்று, எரர் ஷீட் என்ற எங்கள் தவறுப் பட்டியலைப் பற்றி, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கேட்டதற்கு நான் சொன்னது உண்மைதான். "உங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னுதான்மா." ஆனால் அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேட்டபிறகு, என் பதில் போதவில்லை என்றே இன்றுவரை தோன்றுகிறது.

பிரச்சினை வந்தது ஒரு சொல்லால். பில்லரி (pillory). லண்டனின் பழைய தண்டனைகளைப் பற்றிய புத்தகம் எங்களிடம் காப்பி எடிட்டிங்குக்கு, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, வந்திருந்தது. பில்லரி அதில் வரும் ஒரு தண்டனைக் கருவி. ஒரு மரத்தூண், அதன் மேல் இரண்டு பலகை, பலகைகள் சேரும் இடத்தில் கழுத்துக்கு ஒரு துளை, மணிக்கட்டுகளுக்கு இரண்டு. ஆளை நிற்க வைத்துப் பூட்டிவிட்டால், மேலே வந்து விழும் அழுகல் முட்டையைத் துடைக்கக்கூட முடியாது. காலை மாட்டி உட்கார வைக்கும் ஸ்டாக்ஸ் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.

ஸ்பெல்லிங்கில் இரண்டு எல், அப்புறம் ஓ. பில்லர் என்ற தூணை மனதில் வைத்து எழுதினால் ஓ இருக்கவேண்டிய இடத்தில் ஏ வந்துவிடும். நூலாசிரியருக்கே சில இடங்களில் அப்படி வந்திருந்தது. பழைய பிரெஞ்சில் பிலோரி என்று இருந்து, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அதற்கு முந்தைய வேர் எது என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. தூணுக்கும் இதற்கும் உறவு இருக்கலாம் என்று சில அகராதிகள் சொல்கின்றன, உறுதியாகச் சொல்வதில்லை. அதனால் ஏ போட்டவரை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன்.

அந்தப் புதுப் பெண் அந்த ஏயைத் திருத்தினார். அது சரி. அதே கையோடு, மேற்கோள்களுக்குள் இருந்த பழைய எழுத்துகளையும் திருத்திவிட்டார். 17ஆம் நூற்றாண்டு அச்சில் இந்தச் சொல்லின் கடைசி ஒய் இருக்கும் இடத்தில் ஐயும் இயும் (pillorie) வரும். அந்தக் காலத்து அச்சுக்காரர்கள் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை இரண்டு விதமாகக் கோத்திருப்பார்கள். மேற்கோளைத் தொடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது. ஒரு சொல்லை எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றும் ரீப்ளேஸ் ஆல் என்ற ஒரு பட்டன் அதை மறக்க வைத்துவிடும். நூலாசிரியரின் மெயில் காரமாகவே வந்தது.

மாத மீட்டிங்கில் எரர் ஷீட்டைத் திரையில் போடும் முறை எப்படி என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தவறு, புத்தகம், பெயர், மூன்று கட்டம். முந்தின நாள் மாலை நான் அவர் பெயரை அழித்தேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "பேர் இல்லைன்னா யாரும் கவனிக்கமாட்டாங்க" என்றார். "அந்த மெயில்ல இருக்கிற வார்த்தைக்குப் பக்கத்துல ஒரு புதுப் பொண்ணோட பேர் வேண்டாம் சார்" என்றேன். "சரி, உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டார்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அந்த ஷீட் மீட்டிங்கோடு முடிந்துபோவதில்லை. பொது ஃபோல்டரில் கிடக்கும். அப்ரைசல் நேரத்தில் யாராவது திறந்து பார்ப்பார்கள். அந்தப் புத்தகத்திலேயே படித்த ஒரு விஷயமும் மனதில் இருந்தது. பொய்ச் சாட்சி சொல்லிப் பலரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய டைட்டஸ் ஓட்ஸ் என்பவருக்கு 1685இல் தண்டனை கொடுத்தபோது, அவர் குற்றத்தை ஒரு தாளில் எழுதி அவர் தலையிலேயே வைத்து வெஸ்ட்மின்ஸ்டரில் சுற்றிவர வைத்தார்கள். அப்புறம்தான் பில்லரி. அவர் செய்தது பெரிய பாவம், இவர் செய்தது எழுத்துப் பிழை. ஆனாலும் ஒரு தாளில் பெயரையும் குற்றத்தையும் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைப்பது என்றால் எனக்கு அந்தக் காட்சிதான் வருகிறது.

மீட்டிங்கில் அந்த வரி வந்தது. பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. "இது யார் பண்ணினது?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். அதற்குள் நாலைந்து தலைகள் திரும்பிவிட்டன, அதுவும் அந்தப் பெண் பக்கம் அல்ல. அதே புத்தகத்தில் வேலை பார்த்த இன்னொரு பையனுக்குப் போன மாதம்தான் ஒரு மோசமான ஃபீட்பேக் வந்திருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கீபோர்டைப் பார்த்தான்.

அந்தப் பெண் எழுந்தார். "நான்தாங்க பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல் என்ன, பழைய ஸ்பெல்லிங் ஏன் அப்படி இருக்கிறது, தான் எதை மாற்றியிருக்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். "நம்ம ஊர்ல கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல ஏத்துவாங்கன்னு சொல்வாங்களே, அந்த மாதிரி தண்டனை. ஆனா இதுல ஆள் நகர முடியாது" என்றும் சொன்னார். சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் காபி மெஷின் பக்கத்தில் அந்தக் கேள்வி. என் பதிலுக்கு அவர் சொன்னது: "நீங்க என் பேரை எடுத்ததால அது அவன் மேல போச்சு சார். நான் சொல்லலைன்னா அவன் பேர்லயே நின்னிருக்கும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெயரை அழித்தால் பழியும் அழிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பழி நிற்க இடம் தேடும் என்பதை யோசிக்கவில்லை. ஆனால் அதற்காகப் பெயரைப் போட்டிருக்கவேண்டும் என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவர் எழுந்து நின்று பேசியது அவருடைய தைரியம். அதே நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால்?

ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டீஃபோவை 1703 ஜூலையில் ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக மூன்று நாள் பில்லரியில் நிறுத்தினார்கள். கூட்டம் அவர் பக்கம் நின்றது. பூ எறிந்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். தண்டனையைப் பற்றியே அவர் ஒரு கவிதை எழுதி, அது அப்போதே விற்றது. 1732இல் லண்டனின் செவன் டயல்ஸில் ஜான் வாலர் என்பவரை நிறுத்தினார்கள். வெகுமதிக்காக அப்பாவிகள் மேல் பொய்க் குற்றம் சாட்டியவர். கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. நீதிபதி இருவருக்கும் ஒரே பெயருள்ள தண்டனையைத்தான் கொடுத்தார், மீதியைத் தெரு தீர்மானித்தது. பில்லரியில் எனக்குப் பயமான விஷயம் பலகை இல்லை, இதுதான். 1816இல் பொய்ச் சாட்சி போன்ற குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கி, 1837இல் இங்கிலாந்தில் அதை முழுதாக ஒழித்தார்கள்.

எங்கள் மீட்டிங் அன்று அந்தப் பெண்ணுக்கு டீஃபோவின் கூட்டமாக அமைந்தது. அதற்கு அப்புறம் பழைய ஸ்பெல்லிங் சந்தேகம் என்றால் ஆட்கள் அவரிடம்தான் போகிறார்கள். இதைச் சொல்லித்தான் மேனேஜர், "பாத்தீங்களா, பேர் தெரிஞ்சதால நல்லதுதானே ஆச்சு?" என்றார். நல்லதுதான் ஆச்சு. ஆனால் கூட்டம் எப்படி அமையும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? நன்றாக முடிந்த ஒன்றைக் காட்டி ஒரு முறையை நியாயப்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அதே நேரம், அந்தப் பையனை எல்லோரும் திரும்பிப் பார்த்த அந்தச் சில விநாடிகளுக்கு நான்தான் வழி செய்து கொடுத்தேன் என்பதும் போகவில்லை. ஒரு நாள் இது சரி என்று தோன்றுகிறது, இன்னொரு நாள் அது.

இப்போது அந்தப் பெண் ஒரு டீமுக்கு லீட். அவர் டீமின் ஷீட்டில் பெயர் உண்டு. தன் தவறு இருந்தால் முதல் வரியில் தன் பெயரைப் போடுகிறார். என் ஷீட்டில் பெயர்க் கட்டமே இல்லை. தவறு வந்த அன்றே, சம்பந்தப்பட்டவரோடும் அந்தப் புத்தகத்தில் இருந்த மற்றவர்களோடும் உட்கார்ந்து பேசிவிடுகிறேன், மீட்டிங்கில் யாரும் யாரையும் தேடவேண்டாம் என்பதற்காக. அதற்கு நேரம் நிறையப் பிடிக்கிறது. "உங்க முறை பெரிய டீமுக்கு ஒத்துவராது சார்" என்கிறார் அவர். "யாரையும் எழுந்து நிக்க மட்டும் சொல்லாதீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அதற்குச் சரி என்றிருக்கிறார்.