அவள் பெயர் எந்த வீட்டு வரிசையில்

நான் வடிவமைத்த சுனாமி நினைவுக்கல்லில் பெயர்களை அகர வரிசையில் போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் கல்லுக்கு வந்தது ஒரே ஒரு மீனவ ஊரின் பட்டியல். அதையும் அகர வரிசையில் அடுக்கினால் தாய் ஒரு பலகையிலும் கைப்பிள்ளை வேறொரு பலகையிலும் போய் நிற்கும். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின், வீரர்கள் இறந்த தேதி வரிசையை எடுத்துக்கொண்டார். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களில், ஒன்றாக விழுந்தவர்கள் ஒன்றாகவே இருக்கிறார்கள். இங்கே அதற்கும் வழியில்லை. எல்லோருக்கும் 2004 டிசம்பர் 26, ஒரே காலை. குடும்பம் குடும்பமாகப் போடலாம் என்றேன். ஊர்ப் பஞ்சாயத்தாரும் சரி என்றார்கள்.

வரைபடத்தைப் பார்க்க வந்த ஒரு அம்மா, மகளின் பெயரை மாமியார் பெயருக்குக் கீழே பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இவ ஏன் தம்பி இங்க இருக்கா?"

"கட்டிக்கொடுத்த வீட்டு வரிசைம்மா."

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம. புள்ளைங்களக் கூட்டிட்டு என் வீட்டுக்குத்தான் வந்திருந்தா. என் வாசல்லேர்ந்துதான் தண்ணி அவளையும் இழுத்துட்டுப் போச்சு, அவ தம்பியையும் இழுத்துட்டுப் போச்சு. அவனுக்குப் பக்கத்துல போடுங்க."

மருமகன் அன்று ஆழ்கடலில் இருந்ததால் பிழைத்தவர். அவர் எதுவும் பேசவில்லை. பஞ்சாயத்தார்தான் பேசினார்கள்: வாக்கப்பட்ட வீடுதான் வழக்கம், ஒருத்திக்கு மாற்றினால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். இரண்டு இடத்திலும் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். எண்ணிக்கை அரசுப் பட்டியலோடு ஒத்துப்போகாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். நிவாரணம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வந்தது, கணவர் கைக்கு வந்தது. பெற்றவளுக்கு அதிலும் இடமில்லை, கல்லிலும் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நான் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அவளைத் தம்பி பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் அப்பாவைப் பெற்ற பாட்டியோடு தனியாக நிற்கும், தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டாம் என்றேன். "அதுங்களையும் எங்கிட்டயே குடுத்துடுங்களேன்" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

நியூயார்க்கில் செப்டம்பர் 11 தாக்குதல் நினைவிடத்தில் 2,983 பெயர்களை அடுக்கியபோது, இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் வேண்டும் என்று 1,200-க்கு மேல் கோரிக்கைகள் வந்தன. கணினியின் துணையோடு அவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த வசதி இருந்திருந்தால் எனக்கும் வழி கிடைத்திருக்கும் என்று பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது கணினி இல்லை. இரண்டு குடும்பங்களையும் அடுத்தடுத்து வைத்து, நடுவில் அவளையும் பிள்ளைகளையும் நிறுத்தியிருக்கலாம். காகிதத்தில் பென்சிலால் வரைந்தே பார்க்கலாம். அதற்குள் ரப்பர் தாளில் எழுத்து வெட்டி, கருங்கல்லில் ஒட்டி, முதல் பலகையில் எழுத்தைச் செதுக்க மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் பெயர் மூன்றாவது பலகையில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படிச் செய்திருந்தால் மருமகன் வீட்டார் வந்து கேட்டிருப்பார்கள். ஊர் எடுத்த முடிவை வெளியூர்க்காரன் மாற்றினான் என்ற பேச்சும் வந்திருக்கும். நினைவுச்சின்னம் ஊருக்கானது, வரைந்தவனுக்கானதில்லை என்பதை இன்றும் நம்புகிறேன். அதே சமயம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஊர் என்று நான் எடுத்துக்கொண்டது அவர்கள் சொன்னதை மட்டும்தான்.

அந்தப் பெயரை நானே சரிபார்த்தேன். உப்புக் காற்றில் மெல்லிய கோடுகள் சீக்கிரம் மங்கும் என்று ணகரத்தின் சுழிகளைக் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொன்னேன். புள்ளிகளை ஆழமாக எடுக்கச் சொன்னேன். எழுத்தில் காட்டிய அக்கறையை இடத்தில் ஏன் காட்டவில்லை என்று கேட்டால், இடம் என் கையில் இல்லை என்பேன். குடும்ப வரிசை வேண்டும் என்று சொன்னதே நான்தான் என்பதும் தெரியும்.

இன்னொரு ஊரில் இதே வேலை வந்தால், பஞ்சாயத்தைக் கூட்டுவதற்கு முன்னால் பெண்களிடம் பட்டியலைக் கொடுத்து, யாருக்குப் பக்கத்தில் யார் என்று கேட்பேன். அப்போதும் ஒரு பெண்ணின் பெயரை இரண்டு வீடுகள் கேட்டால், அவள் பிள்ளைகள் எங்கேயோ அங்கேதான் வைப்பேன் என்று நினைக்கிறேன். பிள்ளைகளை எந்த வீட்டில் வைப்பது என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதிலில்லை.